ஆர்த்தடாக்ஸா, ட்ரெடிஷனலா, கன்வென்ஷனலா? ஆங்கிலத்தில் எந்த இடத்தில் எந்தச் சொல்

நண்பர் ஒருவர் வெளிநாட்டவர் நடத்திய ஒரு நேர்காணலில் தன்னை அறிமுகப்படுத்தும்போது, "நான் ஓர் ஆர்த்தடாக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். எதிரில் இருந்தவர் ஆர்வத்தோடு, "கிரேக்க ஆர்த்தடாக்ஸா, ரஷ்ய ஆர்த்தடாக்ஸா?" என்று கேட்டார். நண்பருக்குக் கேள்வியே புரியவில்லை. தன் வீட்டில் ஆசாரம் அதிகம் என்பதைத்தான் அவர் சொல்ல நினைத்தார். கேட்டவர் காதில் விழுந்ததோ ஒரு கிறிஸ்தவத் திருச்சபையின் பெயர்.

இந்தக் குழப்பம் நம்மில் பலருக்கு உண்டு. தமிழில் ஆசாரம், மரபு, சம்பிரதாயம், வழக்கம், பழமை, வைதீகம் என்று இத்தனை சொற்களை இடம் பார்த்துப் பயன்படுத்துகிறோம். ஆங்கிலத்துக்குப் போனதும் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் கொட்டிவிடுகிறோம். அகராதியைப் புரட்டினாலும் பெரிதாக உதவி கிடைப்பதில்லை. ஆர்த்தடாக்ஸ், ட்ரெடிஷனல், கன்வென்ஷனல், கன்சர்வேட்டிவ் ஆகிய நான்குக்கும் 'மரபான, பழமையான, வழக்கமான' என்றே ஏறத்தாழ எழுதியிருக்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் 'ட்ரெடிஷனல்' போதும். 'ஆர்த்தடாக்ஸ்' கூர்மையான சொல், அதற்கென்று இருக்கும் இடத்தில் மட்டும் எடுக்க வேண்டும். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

நான் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி: இந்த நம்பிக்கையை இடத்தில் பிடித்து வைத்திருப்பது எது? 'இதுதான் சரி' என்று சொல்லும் அதிகாரம் கொண்ட நூலோ அமைப்போ துறையோ இருக்கிறதா? தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்ததா? எல்லாரும் சேர்ந்து ஒப்புக்கொண்டதால் நிற்கிறதா? இல்லை, மாற்றம் வேண்டாம் என்ற மனப்பான்மையா? இந்த நான்கு பதில்களுக்கும் நான்கு வேறு சொற்கள் இருக்கின்றன. நம்பிக்கையின் வயதை வைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம்.

அடுத்து, அந்தச் சொல்லுக்கு எதிர்ச்சொல் என்ன என்று பார்க்க வேண்டும். எதிர்ச்சொல் சொல்ல வந்ததற்குப் பொருந்தவில்லை என்றால் சொல்லும் பொருந்தவில்லை.

அப்புறம், அந்தச் சொல் ஏற்கெனவே வேறு எதற்காவது பெயராக இருக்கிறதா, கேட்பவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வாரா குறையாக எடுத்துக்கொள்வாரா, சாதாரணப் பேச்சில் இயல்பாக ஒலிக்குமா என்பவை. கடைசி மூன்றும் மறைமுகச் செலவுகள். சொன்ன பிறகுதான் தெரியவரும்.

## ஆர்த்தடாக்ஸ்

இது கிரேக்கத்திலிருந்து வந்த சொல். 'ஆர்த்தோஸ்' என்றால் நேரான, சரியான. 'டாக்ஸா' என்றால் கருத்து, நம்பிக்கை. பற்களை நேராக்கும் ஆர்த்தோடான்டிஸ்டிலும், எலும்பு மருத்துவமான ஆர்த்தோபீடிக்ஸிலும் இருப்பது அதே 'ஆர்த்தோ'தான். ஆக, இந்தச் சொல்லின் உள்ளே 'பழைய' என்ற பொருளே கிடையாது, 'சரியான கருத்து' என்ற உரிமைக் கோரல்தான் இருக்கிறது. எதிர்ச்சொல் 'ஹெட்டரோடாக்ஸ்': வேறான கருத்து. 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய பிஷப் வில்லியம் வார்பர்ட்டன் சொன்னதாக ஒரு வாக்கு வழங்குகிறது. தன் நம்பிக்கைக்குப் பெயர் ஆர்த்தடாக்ஸி, மற்றவனுடைய நம்பிக்கைக்குப் பெயர் ஹெட்டரோடாக்ஸி என்பது அதன் சாரம். சொல்லின் இயல்பை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

இதற்கு நம் பக்கத்திலிருந்தே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. இந்தியத் தத்துவங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் சாங்கியம், யோகம், நியாயம், வைசேஷிகம், மீமாம்சை, வேதாந்தம் ஆகிய ஆறையும் 'ஆர்த்தடாக்ஸ்' தரிசனங்கள் என்பார்கள். பௌத்தம், சமணம், ஆசீவகம், சார்வாகம் எல்லாம் 'ஹெட்டரோடாக்ஸ்'. பிரிக்கும் கோடு கடவுள் நம்பிக்கை இல்லை. செவ்வியல் சாங்கியத்தில் உலகைப் படைத்த கடவுளுக்கு இடமே இல்லை, இருந்தும் அது ஆர்த்தடாக்ஸ். வேதத்தின் அதிகாரத்தை ஏற்றுக்கொள்கிறதா என்பதுதான் அளவுகோல். அப்படிப் பார்த்தால் இந்தச் சொல்லுக்கு மிக நெருங்கிய தமிழ்ச் சொல் 'வைதீகம்', 'பழமை' அல்ல. அதிகாரமுள்ள ஒன்றை ஏற்பதா மறுப்பதா என்ற கேள்வி இரண்டிலும் இருக்கிறது.

மதத்துக்கு வெளியே இந்தச் சொல் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு மருத்துவ வரலாற்றில் ஒரு நிகழ்வு உண்டு. 1980-களின் தொடக்கம் வரை வயிற்றுப்புண் மன அழுத்தத்தாலும் அமிலத்தாலும் வருவது என்பதே மருத்துவ உலகின் ஆர்த்தடாக்ஸ் கருத்து. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் அதற்கு ஒரு பாக்டீரியா காரணம் என்றார்கள். யாரும் எளிதில் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தப் பாக்டீரியாவைத் தானே குடித்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கு மருத்துவப் பாடநூல்களில் இருப்பது அவர்கள் கருத்து, அதாவது இப்போது அதுவே ஆர்த்தடாக்ஸ். நேற்றைய கலகம் இன்றைய ஆர்த்தடாக்ஸி ஆகலாம். அதற்குப் பழையதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பழைய கருத்தை 'ட்ரெடிஷனல்' என்று எழுதினால் ஏதோ பாட்டி வைத்தியம் போல ஒலிக்கும். மருத்துவத் துறை தன் அதிகாரத்தோடு சொன்ன கருத்து அது என்பது வாசகருக்குப் போய்ச் சேராது. ஆகவே அறிவியல், பொருளாதாரம், கட்சிக் கொள்கை பற்றி எழுதும்போது 'ஆர்த்தடாக்ஸ் வியூ', 'ப்ரிவெய்லிங் ஆர்த்தடாக்ஸி' போன்ற தொடர்கள் மிகப் பொருத்தம்.

சரி, செலவுக் கணக்குக்கு வருவோம். பெரிய செலவு, இந்தச் சொல் ஏற்கெனவே பெயர்ச்சொல்லாகப் போய்விட்டது. முதலெழுத்தைக் கேப்பிட்டலில் எழுதினால் கீழைத் திருச்சபைகள் நினைவுக்கு வரும். 1054-ல் ரோமும் கான்ஸ்டான்டிநோபிளும் பிரிந்ததைத்தான் வழக்கமாகப் பிரிவினைக்கு ஆண்டாகச் சொல்வார்கள். அதற்கும் முன்னால், 451-ல் நடந்த கால்செடன் சங்கத்தின் முடிவை ஏற்காத காப்டிக், ஆர்மீனிய, எத்தியோப்பிய, சிரிய மரபுகளுக்கும் ஆர்த்தடாக்ஸ் என்றே பெயர். யூத மதத்திலும் ஆர்த்தடாக்ஸ் ஒரு பிரிவு. சீர்திருத்தம் கேட்டவர்கள் ஒரு பக்கம் போனபோது, மறுபக்கம் நின்றவர்களுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஆகவே ஒரு மனிதரையோ குடும்பத்தையோ 'ஆர்த்தடாக்ஸ்' என்று சொன்னால், கேட்பவர் மனம் முதலில் இந்தப் பக்கம்தான் திரும்பும். பேச்சில் கேப்பிட்டல் எழுத்து கேட்காது இல்லையா?

இரண்டாவது செலவு நுட்பமானது. நாம் 'ஆசாரமான வீடு' என்னும்போது பெரும்பாலும் நடைமுறையைச் சொல்கிறோம்: எப்போது குளிப்பது, என்ன சாப்பிடுவது, எப்படி உடுத்துவது. ஆர்த்தடாக்ஸ் அடிப்படையில் கருத்தைப் பற்றிய சொல். சரியான நடத்தைக்கு ஆங்கிலத்தில் 'ஆர்த்தோப்ராக்ஸி' என்று தனிச்சொல்லே உண்டு, ஆனால் அது கல்விப்புலத்தில் மட்டும் புழங்குவது. பேச்சில் எடுத்தால் யாருக்கும் புரியாது.

விளையாட்டில் மட்டும் இந்தச் சொல்லுக்கு எந்தக் கனமும் இல்லை. இடது காலை முன்வைத்து நிற்கும் குத்துச்சண்டை வீரரின் நிலைக்கு ஆர்த்தடாக்ஸ் என்று பெயர். கிரிக்கெட்டில் பிஷன் சிங் பேடி, ரவீந்திர ஜடேஜா போல விரல்களால் சுழற்றும் இடக்கைச் சுழல் 'லெஃப்ட் ஆர்ம் ஆர்த்தடாக்ஸ்'. அங்கே தாராளமாகப் பயன்படுத்தலாம்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அழுத்தம் முதல் அசையில் விழும். நடுவில் வருவது 'திங்க்' என்ற சொல்லின் தொடக்கத்தில் வரும் மெல்லிய ஒலி. நாம் வழக்கமாக அங்கே தகரத்தை இரட்டித்து அழுத்திவிடுகிறோம்.

## ட்ரெடிஷனல்

லத்தீனில் 'ட்ராடெரே' என்றால் கையளித்தல். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போவது. துரோகி என்ற பொருளுள்ள 'ட்ரெய்ட்டர்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்தது என்பதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. எதிரியின் கையில் ஒப்படைப்பவன் என்ற பொருளில் அது வந்திருக்கிறது.

நம் 'மரபு', 'பாரம்பரியம்' இரண்டுக்கும் இது கச்சிதமாகப் பொருந்தும். நம்பிக்கை, நடைமுறை, உடை, இசை, சமையல் என்று எதன் முன்னாலும் வைக்கலாம். பெரும்பாலும் மரியாதையாகவோ நடுநிலையாகவோ ஒலிக்கும். பேச்சுக்கும் எழுத்துக்கும் ஒத்துவரும். எதிர்ச்சொல் 'மாடர்ன்'. நண்பர் நேர்காணலில் சொல்லியிருக்க வேண்டிய சொல் இதுதான். அதைவிடவும் நல்லது, 'என் வீட்டில் பெரியவர்கள் சொன்ன முறைகளை இன்றும் கடைப்பிடிக்கிறோம்' என்று விவரமாகச் சொல்லிவிடுவது. அடைமொழி ஒன்றைத் தேடி அலைவதற்குப் பதில் நடப்பதைச் சொன்னால் தவறாகப் புரிந்துகொள்ள இடமே இருக்காது.

இதற்கும் செலவு உண்டு. ஒன்று, ஒரு விஷயத்துக்கு உள்ளதைவிட அதிக வயதை இது கொடுத்துவிடும். மேற்கத்தியத் திருமணங்களில் மணமகள் அணியும் வெள்ளை உடையை 'ட்ரெடிஷனல்' என்பார்கள். 1840-ல் விக்டோரியா அரசி தன் திருமணத்தில் வெள்ளை உடுத்திய பிறகுதான் அந்த வழக்கம் பரவலாக வேர்பிடித்தது. அதற்கு முன்பு பல நிறங்களிலும் உடுத்தினார்கள். வரலாறு எழுதும்போது இந்தச் சொல்லை வைத்தால், எப்போதிலிருந்து என்பதையும் சேர்த்து எழுதுவது நல்லது. இரண்டு, அமெரிக்க அரசியல் பேச்சில் 'ட்ரெடிஷனல் வேல்யூஸ்', 'ட்ரெடிஷனல் மேரேஜ்' போன்ற தொடர்கள் ஒரு தரப்பின் கொடிகள். அந்தச் சூழலில் சும்மா ஒரு அடைமொழியாக இதைப் போட்டாலும் நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்பவர் முடிவு செய்துவிடுவார்.

## கன்வென்ஷனல்

லத்தீனில் 'கன்வெனிரே' என்றால் ஒன்றுகூடுதல். கூடினால் உடன்பாடு வரும். அதனால் மாநாடு, ஒப்பந்தம், வழக்கம் மூன்றுக்கும் ஆங்கிலத்தில் 'கன்வென்ஷன்' என்றே பெயர். ஒரு விஷயம் உண்மையாகவோ புனிதமாகவோ இருப்பதால் நிற்கவில்லை, எல்லாரும் ஒப்புக்கொண்டதால் நிற்கிறது என்றால் இந்தச் சொல்.

பள்ளியில் எல்லாரும் படித்த ஒன்றே இதற்குச் சான்று. மின்சாரம் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குப் பாய்வதாகப் படம் வரைகிறோம். நேர், எதிர் என்று பெயரிட்டது 18-ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். 1897-ல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தார். கம்பியில் எலக்ட்ரான்கள் நாம் வரையும் அம்புக்குறிக்கு எதிர்த்திசையில்தான் நகர்கின்றன. இருந்தும் பழைய அம்புக்குறியை மாற்றவில்லை, 'கன்வென்ஷனல் கரன்ட்' என்று பெயர் வைத்துத் தொடர்கிறோம். அதை யாரும் புனிதமாகக் கருதுவதில்லை, சரியான உண்மை என்றும் சொல்வதில்லை. எல்லாரும் ஒரே பக்கம் அம்புக்குறி போட்டால் வேலை நடக்கும், அவ்வளவுதான்.

நம்பிக்கைகளைப் பற்றிப் பேசும்போது 'கன்வென்ஷனல் விஸ்டம்' என்ற தொடர்தான் அடிக்கடி வரும். பொருளாதார அறிஞர் ஜான் கென்னத் கால்பிரெய்த் 1958-ல் அதைப் பரவலாக்கினார். அந்தத் தொடரைப் படித்த உடனேயே வாசகர் அடுத்த வரியில் 'ஆனால்' வரும் என்று காத்திருப்பார். பொதுக் கருத்தை மறுக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் அதை எடுங்கள். மறுக்காமல் விட்டால் பத்தி முடிவடையாதது போல இருக்கும்.

மனிதரைச் சொல்லும்போது கவனம் தேவை. ஒருவரை 'கன்வென்ஷனல்' என்றால் சொந்தமாக யோசிக்காதவர், சுவாரசியம் இல்லாதவர் என்ற மெல்லிய குறை அதில் இருக்கும். 'ட்ரெடிஷனல்' மனிதர் என்பதில் அது இல்லை.

மிகப் பெரிய பொறி மருத்துவத்தில் இருக்கிறது. தமிழில் யோசித்தால் 'மரபான மருத்துவம்', 'வழக்கமான மருத்துவம்' இரண்டும் ஒன்று போலத் தோன்றும். ஆங்கிலத்தில் இரண்டும் நேர் எதிர். 'ட்ரெடிஷனல் மெடிசின்' என்றால் சித்தா, ஆயுர்வேதம், சீன மருத்துவம் போன்றவை. உலகச் சுகாதார நிறுவனமும் அந்தப் பொருளில்தான் பயன்படுத்துகிறது. 'கன்வென்ஷனல் மெடிசின்' என்றால் இன்றைய மருத்துவமனைகளில் தரப்படும் நவீன மருத்துவம். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அதையே 'ஆர்த்தடாக்ஸ் மெடிசின்' என்றும் சொல்வதுண்டு. விவசாயத்திலும் இதே கதை: 'கன்வென்ஷனல் ஃபார்மிங்' என்றால் ரசாயன உரமும் பூச்சிமருந்தும் போட்டுச் செய்யும் இன்றைய விவசாயம். தாத்தா காலத்து முறையைச் சொல்ல நினைத்து இந்தச் சொல்லைப் போட்டால் கட்டுரையே தலைகீழாகிவிடும். மொழிபெயர்ப்பாளர்கள் இந்த ஒரு இடத்தையாவது இருமுறை சரிபார்க்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

## கன்சர்வேட்டிவ்

காப்பது, பாதுகாப்பது என்ற வேர். இது நம்பிக்கையைவிட மனப்பான்மையைச் சொல்வது. ஒருவர் எந்த நம்பிக்கையை வைத்திருக்கிறார் என்பதை இது சொல்லாது, மாற்றத்தை எப்படி எதிர்கொள்கிறார் என்பதையே சொல்லும். பெற்றோர் கட்டுப்பாடு அதிகம் உள்ளவர்கள், உடையிலும் பழகுவதிலும் எச்சரிக்கையானவர்கள் என்று சொல்ல வந்தால் 'கன்சர்வேட்டிவ் பேரன்ட்ஸ்' பொருத்தம்தான்.

ஆனால் அரசியல் இந்தச் சொல்லை முழுதாக எடுத்துக்கொண்டுவிட்டது. பிரிட்டனில் 1830-களிலிருந்து ஒரு கட்சியின் பெயர். பல நாடுகளில் வலதுசாரி என்பதற்கு மாற்றுச் சொல். யூத மதத்திலோ 'கன்சர்வேட்டிவ்' என்பது ஆர்த்தடாக்ஸுக்கும் சீர்திருத்தப் பிரிவுக்கும் இடைப்பட்ட தனிப் பிரிவு, அதனால் அங்கே இரண்டையும் மாற்றி மாற்றி எழுதினால் பிழையாகிவிடும். பணத்திலும் மருத்துவத்திலும் இது வேறொரு அமைதியான வேலை செய்கிறது: 'கன்சர்வேட்டிவ் எஸ்டிமேட்' என்றால் மிகைப்படுத்தாத, கைக்காவலான மதிப்பீடு. 'கன்சர்வேட்டிவ் ட்ரீட்மென்ட்' என்றால் அறுவை சிகிச்சை இல்லாத சிகிச்சை.

## கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள

| நீங்கள் சொல்ல வருவது | எடுக்க வேண்டிய சொல் | தவிர்க்க வேண்டியது |
|---|---|---|
| ஆசாரம் நிறைந்த குடும்பம் | ட்ரெடிஷனல் | ஆர்த்தடாக்ஸ் (திருச்சபை அல்லது யூதப் பிரிவு என்று கேட்கும்) |
| மத நூலின் அதிகாரத்தை முழுதாக ஏற்பவர் | ஆர்த்தடாக்ஸ், எந்த மதம் என்பதையும் சேர்த்து | கன்வென்ஷனல் |
| ஒரு துறை ஏற்றுக்கொண்ட கருத்து | ஆர்த்தடாக்ஸ் அல்லது மெயின்ஸ்ட்ரீம் | ட்ரெடிஷனல் |
| எல்லாரும் நம்புவது, நீங்கள் மறுக்கப் போவது | கன்வென்ஷனல் விஸ்டம் | ஆர்த்தடாக்ஸி (துறை சாராத விஷயங்களில்) |
| நவீன மருத்துவம் | கன்வென்ஷனல் | ட்ரெடிஷனல் |
| மாற்றத்தை விரும்பாத பெற்றோர் | கன்சர்வேட்டிவ் | அரசியல் பேச்சு நடக்கும் இடத்தில் அதுவும் வேண்டாம், 'ஸ்ட்ரிக்ட்' போதும் |

'ஓல்ட் ஃபேஷன்ட்' பற்றியும் கேட்பார்கள். தன்னைப் பற்றிச் சொன்னால் அன்பாக ஒலிக்கும், மற்றவரைச் சொன்னால் காலாவதியானவர் என்று ஆகிவிடும். அதற்கு மேல் அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

## எதிர்மறை வடிவங்களில் கணக்கு மாறுகிறது

மேலே ஆர்த்தடாக்ஸைக் குறைவாகப் பயன்படுத்தச் சொன்னேன். 'அன்ஆர்த்தடாக்ஸ்' என்ற எதிர்மறை வடிவத்துக்கு அந்த எச்சரிக்கை தேவையில்லை. சிறிய எழுத்தில் வரும்போது அதில் மத வாடையே அநேகமாக இல்லை. ஆங்கிலம் பேசுபவர்கள் சாதாரணப் பேச்சில் ஆர்த்தடாக்ஸைவிட இதைத்தான் இயல்பாக எடுப்பார்கள்: வழக்கத்துக்கு மாறான பயிற்சி முறை, விதிப்படி இல்லாத பந்துவீச்சு, யாரும் செய்யாத வழியில் கணக்குப் போடுவது எல்லாமே 'அன்ஆர்த்தடாக்ஸ்'.

'அன்கன்வென்ஷனல்' அதைவிட மென்மையானது. வாழ்க்கை முறை, உடை, ரசனை ஆகியவற்றுக்குப் பொருந்தும், பெரும்பாலும் பாராட்டாகவே ஒலிக்கும். 'நான்ட்ரெடிஷனல்' அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு தனி வகையின் பெயர்: பள்ளி முடித்ததும் நேராகக் கல்லூரிக்கு வராமல், வேலை பார்த்துவிட்டோ குடும்பம் நடத்திவிட்டோ வயது கூடிய பிறகு சேரும் மாணவர் 'நான்ட்ரெடிஷனல் ஸ்டூடன்ட்'. விண்ணப்பத்தில் மரபை மீறுபவன் என்ற பொருளில் இதை எழுதிவிடாதீர்கள்.

பரிந்துரைக் கடிதம் எழுதும்போது ஒன்றை மட்டும் பாருங்கள். ஓவியரையோ ஆய்வாளரையோ பயிற்சியாளரையோ 'அன்ஆர்த்தடாக்ஸ்' என்றால் கேட்பவர் கண் விரியும். கணக்குத் தணிக்கையாளரையோ விமானியையோ அதே சொல்லால் பாராட்டினால், விதியை மீறுபவரோ என்ற சந்தேகம் வந்துவிடும். அவர்களுடைய புதுமையைச் சொல்ல வேண்டுமானால், எந்த வேலையை எப்படிப் புதிதாகச் செய்தார், அது விதிக்குள் எப்படிப் பொருந்தியது என்று இரண்டு வரி கூடுதலாக எழுதிவிடுங்கள்.